முறுக்குப் பிடியும் கருமந்தியின் பெருவிரலும்

மரத்துக்கும் மிருகத்துக்கும் ஒரே பாஷை வழங்கிய அந்தக் காலத்தில், மேற்கு மலையில் கால் மட்டும் படைத்தவை நடந்து திரிந்தன; கையும் படைத்தவை மிதிவண்டி ஓட்டின. யானைகள் மிதித்து அகலமாக்கிய தடங்களே அவற்றுக்குச் சாலை. கருமந்திக்கு அப்பொழுது நீண்ட பெருவிரல் இருந்தது. நாட்டுக்குரங்கின் பெருவிரலுக்கு அது எவ்விதத்திலும் இளைத்ததன்று.

மலையுச்சியைத் தாண்டிய மறுசரிவில், எந்தக் கோடைக்கும் வாடாத குளிர்சோலை ஒன்று இருந்தது. கருமந்திகள் அதில்தான் வாழ்ந்தன. அவை தழை தின்னும் குலம்; அந்தச் சோலையின் இளந்தழையன்றி வேறெதுவும் அவற்றின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. நாட்டுக்குரங்கின் கதை வேறு. கிழங்கும் தின்னும், கொட்டையும் தின்னும், பூச்சியைப் பிடித்தும் தின்னும். கல்லைத் தவிர மற்றதெல்லாம் அதற்கு உணவு. ஆயினும் ஒரு கோடையில் கீழ்க்காடு கருகிப்போகவே, நாட்டுக்குரங்குக் கூட்டம் மேலேறி வந்து, "சோலை எங்களுக்கு வேண்டும்" என்று நின்றது.

வழக்கு யானைத் தலைவி பெரியாத்தாளிடம் போயிற்று. அவள் இரு தரப்பையும் கேட்டுவிட்டுக் காதை விசிறினாள்.

"நீங்க அடிச்சுக்கிட்டா முறியறது மரந்தான். அதனால ஒண்ணு சொல்றேன். குலத்துக்கு ஒருத்தர் வண்டியில கிளம்புங்க. ஆத்தங்கரையிலிருந்து ஆளுக்கொரு மூட்டை உப்பு ஏத்திக்கிட்டு, மலையைத் தாண்டி, சோலைச் சுனைக்கு எந்த வண்டி முதல்ல வருதோ, அந்தக் குலத்துக்குச் சோலை. தோத்த குலம் மலையை விட்டு இறங்கிறோணும்."

"உப்பு எதுக்குங்க ஆத்தா?" என்றது ஒரு குட்டிக்குரங்கு.

"எனக்குத்தான். தீர்ப்புச் சொன்ன வாய்க்கு ஒண்ணும் வேண்டாமா?"

சிரிப்பு அடங்கியபின் கருமந்திகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இறங்கிப் போவதென்றால் நாட்டுக்குரங்குகளுக்கு அது ஊர் மாறுதல். தங்களுக்கோ பட்டினிச் சாவு. பால்குடி மறவாத குட்டிகள் தாய்மாரின் வயிற்றைப் பற்றிக் கிடந்தன. அப்பொழுது மங்காயி என்ற மந்தி முன்னே வந்தாள். அக்குலத்தில் மலைத்தடம் அறிந்து வண்டி ஓட்டுபவள் அவளே.

"நான் போறேன்" என்றாள்.

எதிர்த்தரப்பில் துரைக்கண்ணு என்ற நாட்டுக்குரங்கு புறப்பட்டான். ஓட்டத்தில் கெட்டிக்காரன், வாயில் அதைவிடக் கெட்டிக்காரன்.

இருவரும் வண்டியைச் செப்பனிட்டுக்கொள்ள அழுங்கு ஆசாரியின் பட்டறைக்குச் சென்றார்கள். அழுங்கு என்பது உடம்பெல்லாம் செதிலுடைய, எறும்பு தின்னும் பிராணி. அந்த மலையில் இரும்பு வேலைக்கு அவரை விட்டால் ஆளில்லை. வண்டியின் பின்சக்கரத்தில் பெரிதும் சிறிதுமாகப் பற்சக்கரங்களை அடுக்கியவர் அவர்தாம். சங்கிலி பெரியதில் ஏறினால் மிதிப்பது இலேசு, ஏற்றத்துக்கு ஆகும். சிறியதில் இறங்கினால் வேகம் பிறக்கும், ஆனால் மிதி கனக்கும். அதுவரை கியர் மாற்றுவதென்றால் வண்டியை விட்டு இறங்கி, குச்சியால் சங்கிலியைத் தூக்கி வைப்பதே வழக்கம். இறங்காமலே மாற்றுவதற்கு ஆசாரி அப்பொழுதுதான் இரண்டு உபாயங்கள் கண்டிருந்தார். இரண்டையும் மேடைக் கல்லின்மேல் எடுத்து வைத்தார்.

"இது விரல் விசை. பெருவிரலால ஒரு அழுத்து அழுத்தினா ஒரு கியர் மாறும். தப்பவே தப்பாது. ஆனா விரல் வெறைச்சுப் போனா அழுத்த வராது. வண்டி சாஞ்சா மொதல்ல கல்லுல இடிக்கறதும் இதுதான். அது முறுக்குப் பிடி. கைப்பிடியே கியர். ஒரே முறுக்குல அடியிலிருந்து முடி வரைக்கும் போயிரலாம். உள்ளுக்குள்ள சாமான் கொஞ்சம், ஒடிய ஒண்ணுமில்லை. ஆனா நனைஞ்சா வழுக்கும். இறுக்கிப் பிடிச்சா உங்களைக் கேக்காமயே திரும்பும்."

"அப்ப எதுங்க நல்லது?" என்றான் துரைக்கண்ணு.

"எந்தக் கைக்கு? எந்தத் தடத்துக்கு?" என்று திருப்பிக் கேட்டார் ஆசாரி.

மங்காயி முறுக்குப் பிடியைக் கையில் எடுத்தாள். அது ஒரு கிளையைப் போல உள்ளங்கை நிறைய அமர்ந்தது. திருப்பிப் பார்த்தாள். தன்பக்கம் உருட்டினால் இலேசு, முன்பக்கம் உருட்டினால் கனம். எந்தக் கியரில் நிற்கிறது என்று காட்ட, திரும்பும் வளையத்தின்மேல் ஒரு சிறு இரும்புக் குமிழ் இருந்தது.

"எனக்கு இது."

"எடுத்துக்கோங்க அக்கா, எடுத்துக்கோங்க!" என்று துரைக்கண்ணு தன் பெருவிரலை நிமிர்த்திக் காட்டினான். "விரல் இருக்கறவன் விசையை அழுத்துவான். கிளையைப் புடிச்சுத் தொங்கறவங்களுக்குக் கிளைதான் லாயக்கு."

"தொங்கினாலும் நாங்க விழுந்ததில்லை, தம்பி."

ஆசாரி பிடியைப் பொருத்திக்கொண்டே அவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அம்மிணி, வேர்த்தடம் வந்தா கையைக் கொஞ்சம் தளர்த்திப் புடிக்கோணும். மறந்துராதீங்க."

"தளர்த்தறதா? எங்க குலத்துல பிடியைத் தளர்த்தினவ யாரும் உசுரோட மரமிறங்கி வந்ததில்லைங்க."

"மரம் திரும்பாது அம்மிணி. இது திரும்பும்."

மங்காயி அதைக் கேட்டாள், ஆனால் ஏற்றுக்கொள்ளவில்லை.

விடியற்காலையில் ஆற்றங்கரையில் உப்பு மூட்டைகள் வண்டிகளில் ஏற்றப்பட்டன. கருமந்திகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அகன்ற பள்ளத்தைத் தாவிக் கடக்குமுன், தாவுகிறவளின் உள்ளங்கையில் நாத்தனார் குங்கிலியப் பிசினைத் தேய்த்து விடுவாள். அப்பிசின் பட்ட கை எந்த ஈரக் கிளையிலும் வழுக்குவதில்லை. மங்காயியின் நாத்தனார் பூவாத்தா அன்றும் பிசின் கொண்டுவந்தாள். மங்காயியின் இரு கைகளிலும், விரலிடுக்கு முதற்கொண்டு, அழுந்தத் தேய்த்தாள்.

"அண்ணி, நனைஞ்சா வழுக்கும்னு ஆசாரி சொன்னாருல்ல? இனி எப்படி வழுக்குதுன்னு பாக்கலாம்."

"நல்லாத் தேயி" என்றாள் மங்காயி.

பெரியாத்தாள் துதிக்கையைத் தூக்கிப் பிளிறினாள். பிளிறிய கையோடு இரு குலங்களையும் கூட்டிக்கொண்டு குறுக்குப்பாதை வழியே சுனைக்குப் போய் நின்றுகொண்டாள். வண்டிகள் புறப்பட்டன.

முதற்சரிவில் இருவரும் ஒட்டியே சென்றார்கள். சமதளத்தில் துரைக்கண்ணுவின் விசை ஒவ்வொன்றாக, அளந்தாற்போல் மாறிற்று. அவன் வண்டி முந்தியது. ஆனால் ஓடை ஒன்று குறுக்கிட்டது. ஓடையைத் தாண்டியதும் தடம் சுவர்போல் எழுந்து நின்றது. துரைக்கண்ணு ஓடையில் வேகமாக இறங்கியவன், கனமான கியரிலேயே ஏற்றத்தில் மோதினான். பெருவிரலால் அழுத்தினான், மறுபடி அழுத்தினான், மறுபடியும் அழுத்தினான். இலேசான கியர் வருமுன் வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த மங்காயி நீரில் இருக்கும்போதே மணிக்கட்டை ஒரு முறுக்கு முறுக்கினாள். சங்கிலி கடகடவென்று பெரிய பற்சக்கரத்துக்குத் தாவியது. தள்ளிக்கொண்டு நடந்தவனை அவள் மிதித்துக்கொண்டே கடந்தாள்.

"என்ன தம்பி, விரல் நோகுதா?"

"மேல வாங்க, பேசிக்கலாம்!"

உச்சியில் மழை பிடித்தது. பனிக்காற்று எலும்பைத் தொட்டது. மங்காயியின் விரல்களும் விறைத்தன. எனினும் முழுக்கையாலும் முறுக்குவதற்கு விரலின் நயம் வேண்டியிருக்கவில்லை. பிசின் தடவிய கை வழுக்கவுமில்லை. ஆசாரி சொன்ன குற்றத்தைத் தன் குலத்து வழக்கம் வென்றுவிட்டதாக அவள் எண்ணினாள். அந்த எண்ணத்தோடு மறுசரிவில் இறங்கினாள்.

மறுசரிவு முழுவதும் வேர்த்தடம். பாம்புகள் பின்னிக் கிடப்பதுபோல் வேர்கள். முதல் வேரில் சக்கரம் ஏறி விழுந்ததும், மங்காயியின் கை தன் குலத்து அறிவின்படி இறுகியது. மணிக்கட்டு அசைந்தது. பிசின் ஒட்டிய பிடியும் கூடவே அசைந்தது. சங்கிலி தாவிற்று. அவள் திருத்தினாள். அடுத்த வேர்; மறுபடியும் தாவிற்று. தளர்த்திப் பார்க்கலாம் என்று விரல்களைத் திறக்க முயன்றாள். குளிரில் இறுகிய பிசின் கையை விடவில்லை. வழுக்காதிருக்கத் தேய்த்த பிசின், இப்பொழுது பிடியைத் திரும்பாதிருக்கவும் விடவில்லை.

பின்னால் டக்கென்று ஓர் ஓசை. துரைக்கண்ணு நெருங்கிவிட்டான். அவன் விசை எத்தனை குலுக்கலுக்கும் தானாக அசையவில்லை. தான் விரும்பிய கியரிலேயே, ஒரு சீராக இறங்கி வந்தான்.

"அக்கா, கிளை ஆடுதா?" என்று கேட்டுக்கொண்டே முந்திச் சென்றான்.

சரிவின் அடியில், சுனைக்குமுன் கடைசியாக ஒரு சிறு ஏற்றம் உண்டு. குட்டையானது, ஆனால் செங்குத்தானது, அதுவும் வேர் நிறைந்தது. அதன் தலையில் பெரியாத்தாள் நிற்பதும், இருபுறமும் மரங்களில் இரு குலங்களும் ஏறியிருப்பதும் மங்காயிக்குத் தெரிந்தது. குட்டிகளைச் சுமந்த தாய்மார் கிளைநுனிவரை வந்து எட்டிப் பார்த்தனர். நாட்டுக்குரங்குகள் கிளையைக் குலுக்கி ஆரவாரித்தன.

துரைக்கண்ணு ஏற்றத்தின் பாதியில் இருந்தான். இன்னும் ஒரு கியர் இலேசாக வேண்டியிருந்தது அவனுக்கு. அழுத்தினான். உச்சிக் குளிரில் மரத்துப்போன பெருவிரல் விசையின்மேல் வழுக்கி விழுந்தது. மீண்டும் அழுத்தினான், விரல் வளைந்ததேயன்றி விசை வளையவில்லை. ஒரு கையை எடுத்து மறு கைக்கு உதவினான். வண்டி கோணி நின்றது.

மங்காயி பிடியைத் தன்பக்கம் முழுவதும் உருட்டினாள். சங்கிலி பெரிய பற்சக்கரத்தில் ஏறிற்று. ஏற்றத்தைத் தொட்டாள். ஆனால் செங்குத்தில் முன்சக்கரம் தரையை விட்டு எழாதிருக்க வேண்டுமானால் உடம்பை முன்னே சாய்க்க வேண்டும், சாயும்போதெல்லாம் மணிக்கட்டு முன்னே உருண்டது, மணிக்கட்டோடு பிடி உருண்டது, கியர் கனத்தது. திருத்தினாள். சாய்ந்தாள். உருண்டது. இன்னொரு முறை கனத்தால் வண்டி நின்றுவிடும். நின்றால் அந்தச் செங்குத்தில் மறுபடி ஏறி மிதிக்க இயலாது.

அவள் கண் இரும்புக் குமிழின்மேல் விழுந்தது. பிடி முன்னே உருளும்போது அந்தக் குமிழ், பிடிக்குப் பக்கத்தில் பிரேக்கைக் கம்பியோடு பிணைத்திருந்த இரும்புப் பட்டையை நோக்கி நகர்ந்தது. குமிழ் திரும்புவது, பட்டை அசையாதது. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி.

பிடியை ஒருமுறை தன்பக்கம் உருட்டினாள். மற்ற விரல்களைப் பிசின் பிடித்திருந்தது. வலக்கைப் பெருவிரலை மட்டும் தோல் உரிய இழுத்தெடுத்தாள். அதை அந்த இடைவெளியில் செருகினாள். பிறகு சாய்ந்தாள்.

பிடி உருள முயன்றது. குமிழ் விரலின்மேல் ஏறியது. விரலைப் பட்டையோடு நெரித்தது. பிடி நின்றது. கியர் மாறவில்லை.

"அண்ணி, கையி! கையி!" என்று பூவாத்தா மரத்திலிருந்து அலறினாள்.

மங்காயி மிதித்தாள். ஒவ்வொரு மிதிக்கும் சாய்ந்தாள். ஒவ்வொரு சாய்வுக்கும் குமிழ் இன்னும் கொஞ்சம் இறங்கியது. வேர்மேல் ஏறினாள். துரைக்கண்ணுவைக் கடக்கையில் அவன் அவள் கையைப் பார்த்தான். வண்டி ஏற்றத்தின் தலையைத் தாண்டியது. முன்சக்கரம் சுனைநீரில் இறங்கியது. உப்பு மூட்டை பின்னால் அப்படியே இருந்தது.

"சோலை கருமந்திக்கு" என்றாள் பெரியாத்தாள். சொல்லிவிட்டு, முதலில் உப்பை எடுக்கவில்லை. துதிக்கையில் நீர் மொண்டு, வெதுவெதுப்பாக ஊதி, பிசின் இளகும்வரை மங்காயியின் கையில் வார்த்தாள். கை விடுபட்டது. பெருவிரல் கணுவுக்குமேல் இல்லை.

பூவாத்தா அழுதுகொண்டே கேட்டாள்: "ஒரு குச்சியை வெச்சு அடைச்சிருக்கலாமே அண்ணி?"

"குச்சி பொறுக்க எறங்கியிருக்கோணும்" என்றாள் மங்காயி.

துரைக்கண்ணு தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தான். "அக்கா, ஜெயிச்சது உங்க பிடியில்லீங்க. நீங்கதான்" என்றான். தன் குலத்தைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கினான். விரல் விசையை மட்டும் அவன் கைவிடவில்லை. தானாகத் திரும்பாததே தன் கைக்குப் போதும் என்று சொல்லிக்கொண்டே போனான்.

அழுங்கு ஆசாரி அந்த வண்டியைப் பட்டறைக்கு எடுத்துச் சென்று, நெடுநேரம் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை நடுவில் அறுத்தார். உட்பாதி திரும்புமாறும், வெளிப்பாதி திரும்பாமல் கைக்குக் கிளைபோல் நிற்குமாறும் செய்தார். திரும்பும் பாதிக்குள் பற்களை வெட்டி, ஒவ்வொரு கியரிலும் அது கடித்து நிற்கும்படி வைத்தார். அதனால்தான் இன்றும் மலைவண்டிக்காரர் சிலர் முறுக்குப் பிடியை விரும்புகிறார்கள். சிலர் விரல் விசையே மேல் என்று வாதிடுகிறார்கள். ஆசாரி கேட்ட கேள்விக்கு ஒவ்வொரு கையும் ஒவ்வொரு தடமும் வேறு விடை சொல்கின்றன.

மறுவருடம் மங்காயிக்கு ஒரு குட்டி பிறந்தது. அதன் வலக்கைப் பெருவிரல் குட்டையாக இருந்தது. ஒரு கை பட்ட பாட்டை மறு கையும் பங்கிட்டுக்கொண்டாற்போல, இடக்கையிலும் அப்படியே இருந்தது. பூவாத்தா பதறினாள். குட்டியோ நான்கு விரல்களைக் கொக்கிபோல் வளைத்து, அருகிலிருந்த கிளையைப் பற்றித் தொங்கிற்று. பிடி நழுவவில்லை.

அன்று தொட்டுத்தான் கருமந்தியின் கையில் பெருவிரல் ஒரு மொட்டளவே இருக்கிறது. அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் அது குளிர்சோலையை இன்றுவரை விடாமல் பற்றியிருக்கிறது.