வரமாட்டார் பட்டியல்

அந்தக் காலத்துக் குருமார்களுக்கு உட்கார ஒரு மரத்தடி இருந்தது. இந்தக் கதையில் வரும் குருவுக்கு இணைய இணைப்புதான் இருந்தது, மழை பெய்தால் அதுவும் இருக்காது. குரு காயல்பட்டினத்தில், சீடர் குடியாத்தத்தில். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே கிடையாது. திரையில் முகம் தெரியும், கால் தெரியாது. விழுந்து கும்பிட ஆசைப்பட்டாலும் வழியில்லை.

இன்னொரு விசேஷம், குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு நாற்பத்தேழு.

சீடர் பெயர் தணிகாசலம். இருபது வருஷம் தோல்பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர்களின் வாசலில் காத்துக் கிடந்த மருந்து கம்பெனி ரெப். மகள் பூவிழிக்காக அந்த வேலையை விட்டார். பதின்மூன்று வயதாகும் பூவிழியால் பிறந்ததிலிருந்தே நடக்க முடியாது, கையும் சொன்னபடி கேட்காது. சிரிப்பு மட்டும் வீடு கொள்ளாது. அவள் அம்மா பள்ளிக்கூட டீச்சர், விடிந்ததும் பஸ் பிடிக்க ஓட வேண்டியவர். ஆகவே குளிப்பாட்டுவது, ஊட்டுவது, சிறப்புப் பள்ளியின் வேன் வந்ததும் மாடியிலிருந்து தூக்கிக்கொண்டு இறங்குவது எல்லாம் அப்பாவின் பொறுப்பு.

வீட்டில் இருந்தபடியே செய்கிற வேலை ஒன்று வேண்டியிருந்தது. தலை நரைத்த பிறகு கணினியின் முன்னால் உட்கார்ந்து தரவு ஆய்வு படித்தார். மருத்துவமனைகளுக்குக் கணக்குப் பார்த்துச் சொல்லும் ஒரு சின்ன நிறுவனத்தில் தற்காலிகமாக இடம் கிடைத்தது. அங்கே அவருக்கு மேலே இருந்தவர்தான் ஷம்சியா. மூத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க அவர் கூச்சப்பட்டதில்லை. சின்னவரிடம் கேட்டுக்கொள்ள இவரும் கூச்சப்பட்டதில்லை.

பூவிழியைப் பற்றி மட்டும் தணிகாசலம் வேலையிடத்தில் மூச்சே விடவில்லை. பாதி மனசு வீட்டில் இருக்கிற ஆளை யார் நிரந்தரமாக்குவார்கள் என்று பயம். காலை பத்து மணிச் சந்திப்புகளுக்கு அவர் மூச்சிரைக்க வந்து சேர்வார். இரண்டு முறை வரவே இல்லை. "நெட் சரியில்ல மேடம்" என்பார். குடியாத்தத்து இணையம் பாவம், செய்யாத குற்றத்துக்கெல்லாம் பழி சுமந்தது.

ஒரு மருத்துவமனையின் வேலை அவர் கைக்கு வந்தது. சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணைப் பார்க்கும் பிரிவு. நேரம் வாங்கிக்கொண்டவர்களில் பலர் வருவதில்லை. டாக்டர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். இதற்கு ஒரு வழி சொல்ல வேண்டும். வருகிற திங்கட்கிழமை மருத்துவமனையின் நிர்வாகி முன்னால் இவரே பேச வேண்டும். அவர் தலையாட்டினால் தணிகாசலத்தின் வேலை நிரந்தரம்.

ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்தார். ஊர் எவ்வளவு தூரம், போன முறை வந்தாரா, போனை எடுத்தாரா என்றெல்லாம் சேர்த்து, இன்னார் வரமாட்டார் என்று முன்கூட்டியே சொல்லும் கணக்கு ஒன்றைக் கட்டிவிட்டார். அது கக்கிய பட்டியலுக்கு 'வரமாட்டார்' என்றே பெயர் வைத்தார். பேர் கிடையாது, முகவரி கிடையாது, வெறும் எண்கள்தான். அது இந்தத் தொழிலின் விதி.

திரையில் ஷம்சியாவிடம் காட்டும்போது தணிகாசலத்தின் முகம் தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

"பத்துப் பேருக்கு எட்டுப் பேரைச் சரியா சொல்லுது மேடம்."

"நல்லா இருக்கு சார். சொன்ன பிறகு என்ன செய்யப் போறோம்?"

"வரமாட்டாங்கன்னு தெரியுறவங்க நேரத்தை இன்னொருத்தருக்கும் சேத்துக் குடுத்துடலாம். டாக்டர் சும்மா இருக்க மாட்டார்."

"அந்த ஆளு வந்துட்டா?"

"வர மாட்டாங்க மேடம். அப்படியே வந்தாலும் கொஞ்சம் காத்திருக்கட்டும்."

ஷம்சியா அசையாமல் பட்டியலையே பார்த்தார். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று தணிகாசலம் திரையைத் தட்டிப் பார்த்தார்.

"ஏதாவது தப்பு இருக்கா மேடம்?"

"கணக்குல இல்ல."

"பின்ன எதுல?"

"புதன்கிழமை பத்து மணிக்கு வாங்க சார். பேசுவோம்."

அந்தப் புதன்கிழமை தாமதமாகக் கூடாது என்று தணிகாசலம் சபதம் செய்துகொண்டார். பூவிழியை இருட்டோடு எழுப்பினார். தூக்கக் கலக்கத்தில் அவள் இட்லியைத் துப்பினாள். அதட்டினார். அவள் சிரிக்கவில்லை. அது அவருக்குச் சுருக்கென்றது, ஆனாலும் கடிகாரத்தைப் பார்த்தார். வேனுக்காக அவளைத் தயாராக உட்கார வைத்துவிட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, பத்தடிக்கும் முன்பே சந்திப்பைத் திறந்துவிட்டார்.

திரையில் ஒரு வரி வந்தது. 'காத்திருக்கவும். உங்களை உள்ளே அனுமதிப்பார்கள்.'

காத்திருந்தார். பத்தே கால் ஆயிற்று. ஒருவேளை தன் கணக்கைக் கிழிகிழியென்று கிழிக்க ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறாரோ என்று நினைத்தார். பத்தரை ஆயிற்று. இருபது வருஷம் டாக்டர் வாசலில் மரபெஞ்சில் உட்கார்ந்த ஞாபகம் வந்தது. அங்கேயாவது ஒரு கம்பவுண்டர் எட்டிப் பார்த்து, இன்னும் ரெண்டு பேர்தான் சார் என்பார். இங்கே அந்த ஒற்றை வரி அசையாமல் நின்றது.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. இன்னொரு முறை அடித்தது. வேன்காரர் நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் மற்ற குழந்தைகள் இருக்கிறார்கள். தணிகாசலம் மகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். சக்கர நாற்காலியை மடித்து ஏற்றி, பட்டையை மாட்டி, கையசைத்துவிட்டு மேலே ஓடிவந்தார்.

திரையில் வேறு வரி இருந்தது. 'நீங்கள் வரவில்லை எனப் பதிவு செய்யப்பட்டது.'

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேராக ஷம்சியாவுக்கு போன் போட்டார்.

"மேடம், நான் பத்துக்கு முன்னாடியே வந்துட்டேன்!"

"தெரியும் சார். பார்த்தேன்."

"பார்த்துட்டு ஏன் உள்ள விடல?"

"அந்த நேரத்தை இன்னொருத்தருக்கும் குடுத்திருந்தேன். அவர் பேசிட்டிருந்தார்."

"என் நேரத்தையா? எதுக்கு மேடம்?"

"நீங்க வரமாட்டீங்கன்னு கணக்கு சொல்லுச்சு."

"எந்தக் கணக்கு மேடம்?"

"உங்க முறையிலயேதான் போட்டேன் சார். பழைய சந்திப்பு எல்லாத்தையும் எடுத்தேன். பாதிக்கு மேல தாமதம், ரெண்டு தடவை ஆளே இல்ல. பட்டியல்ல முதல் ஆளு நீங்கதான்."

"ஆனா நான் வந்தேனே!"

"கடைசில வரலைன்னுதானே பதிவாகியிருக்கு? கணக்கு ஜெயிச்சிருச்சு."

குரலில் கேலி இல்லை. அதுதான் அவரை இன்னும் சுட்டது.

"காத்திருந்தப்ப என்ன நெனச்சீங்க சார்?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "இனிமே இங்க வரவே கூடாதுன்னு நெனச்சேன் மேடம்."

"நடுவுல ஏன் எழுந்து போனீங்க?"

"வேன் வந்துடுச்சு."

"எந்த வேன்?"

மறைத்து வைத்தது வாய்வரை வந்துவிட்டது. இனி விழுங்க முடியாது. "என் பொண்ணு மேடம். அவளால நடக்க முடியாது. நான்தான் தூக்கிட்டு இறங்கணும். தினமும் அவளைக் குளிப்பாட்டி, ஊட்டித் தயார் பண்றதுலதான் லேட்டாகுது. நெட்டுக்கு ஒண்ணுமில்ல."

"இத்தனை மாசமா ஒரு வார்த்தை சொல்லலையே சார்?"

"யாரு கேட்டாங்க மேடம்?"

கோபத்தில் விழுந்த வார்த்தை அது. விழுந்த பிறகுதான் அவர் காதிலேயே அது கேட்டது.

ஷம்சியாவின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"நான் கேக்கல. தப்புதான் சார். அவ பேர் என்ன?"

"பூவிழி."

"பூவிழிக்கு என்ன புடிக்கும்?"

மூன்று மாநிலத்து மருந்துப் பட்டியலை மூச்சு விடாமல் ஒப்பித்த மனிதர், இந்தக் கேள்விக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்லவேளை, போனில் முகம் தெரியாது.

"ரயில் சத்தம் மேடம்" என்றார் கடைசியில். "ரயில் போனா விழுந்து விழுந்து சிரிப்பா."

திங்கட்கிழமைக்கு என்ன செய்ய வேண்டும் என்று இவர் கேட்கவில்லை. ஷம்சியாவும் சொல்லவில்லை.

ஞாயிறு முழுக்கத் தணிகாசலம் பட்டியலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கணக்கில் கை வைக்கவில்லை, அது சரியாகத்தான் இருந்தது. கடைசிப் பக்கத்தை மட்டும் அழித்துவிட்டு வேறு எழுதினார். நிர்வாகி கேட்டது டாக்டரின் நேரத்தை நிரப்ப ஒரு வழி. இவர் கொண்டுபோவது அது இல்லை. வேலை போனால் மறுபடி பையைத் தூக்க வேண்டும், பூவிழியை யாரோ தூக்க வேண்டும்.

திங்கட்கிழமை திரையில் நிர்வாகி பட்டியலைப் பார்த்து மகிழ்ந்தார். கடைசிப் பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"வரமாட்டாங்கன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் அவங்களுக்கே போன் பண்ணச் சொல்றீங்க?"

"ஆமா சார். அவங்களுக்குத்தான் முதல்ல."

"பண்ணி என்ன கேக்கறது? ஏன் வரலைன்னா?"

"இல்ல சார். எப்ப வந்தா உங்களுக்குத் தோதுப்படும்னு."

நிர்வாகி ஷம்சியாவின் முகத்தைப் பார்த்தார். ஷம்சியா குனிந்து எதையோ குறித்துக்கொண்டிருந்தார். இதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும் என்று நிர்வாகி இழுத்தார். கடைசியில் ரெண்டு மாசம் செய்து பார்ப்போம் என்று முடித்தார். "உங்களைப் பத்தி உங்க கம்பெனிக்கும் அப்பவே சொல்றேன் தணிகாசலம்."

நிரந்தரம் இரண்டு மாதம் தள்ளிப் போயிற்று. கிடைக்குமா என்பதும் நிச்சயமில்லை. அன்றைக்கு இரவு மனைவியிடம் சொன்னபோது அவர் இவர் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டார்.

சில நாள் கழித்து மருத்துவமனையில் நேரம் பதிவு செய்யும் பெண் அழைத்தாள். பேர் சொல்லவில்லை, விதி அது.

"சார், உங்க பட்டியல்ல முதல்ல இருந்தாங்களே, மலையிலேர்ந்து வர்ற ஒரு அம்மா. அவங்க ஊருக்கு முதல் பஸ்ஸே ஒம்பதரைக்குத்தானாம். நாம ஒவ்வொரு தடவையும் ஒம்பது மணிக்கே நேரம் குடுத்திருக்கோம் சார்."

"இப்ப?"

"ரெண்டு மணிக்கு மாத்திக் குடுத்தேன். ஒண்ணரைக்கே வந்து உக்காந்துட்டாங்க. விரலை எடுக்க வேணாம், காப்பாத்திடலாம்னு டாக்டர் சொல்லிட்டார்."

தணிகாசலம் போனை வைத்துவிட்டு பட்டியலைத் திறந்தார். தலைப்பில் இருந்த 'வரமாட்டார்' என்ற சொல்லை அடித்தார். அந்த இடத்தில் 'கேட்க வேண்டியவர்' என்று எழுதினார்.

அடுத்த புதன்கிழமை பூவிழி இட்லியை விழுங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தாள். வேனுக்கு அன்று விடுமுறை. பத்தாயிற்று, பத்தே கால் ஆயிற்று. தணிகாசலம் அவளை அதட்டவில்லை. வேறு வழியில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு, இட்லிக் கையோடு முழங்கையால் கணினியைத் திறந்தார்.

காத்திருக்கச் சொல்லும் வரி வரவில்லை. நேரே உள்ளே போயிற்று. ஷம்சியா தேநீர்க் கோப்பையோடு தனியாக உட்கார்ந்திருந்தார். பின்னால் எங்கோ கடல்காற்றில் சன்னல் அடித்துக்கொண்டிருந்தது. திரையில் புது முகத்தைக் கண்டதும் பூவிழி வாயிலிருந்த இட்லி சிதறச் சிரித்தாள்.

"மன்னிச்சிருங்க மேடம், இன்னைக்கும் லேட்டாயிடுச்சு" என்றார் தணிகாசலம்.

"நீங்க லேட்டாத்தான் வருவீங்கன்னு எனக்குத் தெரியும் சார்" என்றார் ஷம்சியா. "அதனாலதான் பதினோரு மணி வரைக்கும் வேற யாருக்கும் நேரம் குடுக்கல. பூவிழி சாப்பிட்டு முடிக்கட்டும், மெதுவா வாங்க."