வலது கன்னம்

வாய்ப்புற்றுநோய் அறுவைப் பிரிவில் ஆசிரியை டாக்டர் தமயந்தியைவிட மாணவர் அருணகிரிக்கு நான்கு வயது அதிகம். ராணுவத்தில் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்று, பேரன் பேத்தி எடுக்கும் வயதில் புற்றுநோய் அறுவை கற்க வந்தவர். நடையில் இன்னும் பூட்ஸ் சத்தம் இருந்தது.

ஒரு காலை அவர் கேட்டார்.

"மேடம், ஆபரேஷன் முடிஞ்சு யாருக்குப் புண்ணுல சீழ் பிடிக்கும்னு முன்னாலேயே சொல்ல முடியுமா?"

"புத்தகத்துல என்ன போட்டிருக்கு?"

"சர்க்கரை, புகையிலை, சத்துக் குறைவு, சொத்தைப் பல், ஏற்கெனவே கதிர்வீச்சு வாங்கின கழுத்து, நீண்ட நேர ஆபரேஷன்."

"சூசைமிக்கேலுக்கு இதுல எது இருக்கு?"

"சர்க்கரையும் கொஞ்சம் சொத்தையும். சர்க்கரைக்கு மாத்திரை போடறார். புகையிலையை விட்டுட்டார். நல்லா சாப்பிடறார். நானே கேட்டேன். வியாழக்கிழமை செய்துடலாம்."

சூசைமிக்கேல் தூத்துக்குடியில் மீன் ஏலம் கூறுபவர். இடது கன்னத்தின் உள்ளே புற்று. கன்னத்தையும் தாடையில் ஒரு துண்டையும் எடுத்துவிட்டு, மார்புச் சதையைக் கொண்டுவந்து மூட வேண்டும். சதை ஒட்டிக்கொண்டால் மறுபடி ஏலம் கூறலாம். சீழ் பிடித்தால் தையல் பிரிந்து ஓட்டை விழும். குடிக்கிற தண்ணீர்கூட வாயில் நிற்காது.

தமயந்தி நோயாளியின் கட்டிலருகே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அருணகிரியிடம் பிரஷ்ஷை நீட்டினார்.

"இவருக்குப் பல் தேய்ச்சு விடுங்க டாக்டர்."

"நானா?"

"பல் டாக்டர் நீங்கதானே?"

அருணகிரி உட்கார்ந்தார். பிரஷ் கடைவாய்ப் பக்கம் போனபோது, வலது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவிலிருந்து கறுப்பாக ஓர் உருண்டை வந்தது. புகையிலை.

"விட்டுட்டேன்னு சொன்னீங்களே!"

"விட்டாச்சு சார். இடது பக்கம் சுத்தமா விட்டாச்சு" என்றார் சூசைமிக்கேல். "கேன்சர் அந்தக் கன்னத்துலதான? இது நல்ல கன்னம்லா."

மனைவி ஜெசிந்தா தலையில் அடித்துக்கொண்டார். "ஊருக்கே வெல சொல்லுத வாயி, டாக்டர்ட்ட மட்டும் பொய் சொல்லுது பாருங்க."

"ஏட்டி, நான் எங்க பொய் சொன்னேன்? சார் வந்து நின்னு 'விட்டாச்சுல்ல?'ன்னாவ. அந்தக் கொரலுக்கு வேற என்னத்தச் சொல்ல?"

அருணகிரிக்கு முகம் சிவந்தது. "டிஸ்சார்ஜ் பண்ணிடலாம் மேடம். ஒழுங்கா விட்டுட்டு வரட்டும்."

தமயந்தி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க அண்ணாச்சி?"

"டீ."

"அதுக்கு முன்னாடி?"

"அதுவும் டீதான் டாக்டரம்மா. மெல்ல முடியல."

"ஆஸ்பத்திரி முட்டை?"

"பக்கத்துக் கட்டில்காரரு நல்லா சாப்பிடுவாரு."

"டீயில சீனி உண்டா?"

அவர் மனைவியை ஒருமுறை பார்த்தார். "மாத்திரை போட்ட அன்னைக்கு மட்டும். அன்னைக்குப் போட்டா ஒண்ணும் செய்யாதுல்லா?"

ஜெசிந்தாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அறுவை ஒரு வாரம் தள்ளிப்போனது. அதற்கு மேல் கட்டி காத்திருக்காது. மூக்கு வழியே குழாய் போட்டுக் கஞ்சியும் முட்டையும் கொடுத்தார்கள். ஊசி போட்டுச் சர்க்கரையைக் குறைத்தார்கள். சொத்தைப் பற்களை அருணகிரியே பிடுங்கினார்.

"தினமும் கொஞ்ச நேரம் அவர் பக்கத்துல உட்காருங்க" என்றார் தமயந்தி.

"உட்கார்ந்து என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்."

புகையிலை கிடைக்காத கோபத்தில் சூசைமிக்கேல் கெட்ட வார்த்தைகளை ஏல வேகத்தில் கொட்டினார். அருணகிரி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வாவல் மீனுக்கும் வஞ்சிரத்துக்கும் ஏலம் எப்படி ஏறும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அறுவை நல்லபடி நடந்தது. தொண்டையில் குழாய் இருந்ததால் நோயாளிக்குப் பேச்சு இல்லை. சில நாள் கழித்துக் காலையில் பார்த்தபோது தையல் உலர்ந்திருந்தது. காய்ச்சலும் இல்லை. அருணகிரி அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார்.

சூசைமிக்கேல் அவர் கையைப் பிடித்து இழுத்தார். இழுத்த கையைத் தன் தாடைக்குக் கீழே ஓரிடத்தில் வைத்தார். அந்த இடம் கதகதவென்று இருந்தது. லேசாக அழுத்தியதும் முகம் சுளித்தார்.

அப்போதே அந்த இடத்தில் ஒரு தையலைப் பிரித்தார்கள். கொஞ்சம் சீழ் வந்தது. கழுவி, மருந்தை மாற்றினார்கள். மார்புச் சதை தப்பித்தது, ஒட்டியும் கொண்டது.

தொண்டைக் குழாயை எடுத்த அன்று சூசைமிக்கேல் மனைவியிடம் ஏதோ சொன்னார். மற்ற யாருக்கும் புரியவில்லை. ஜெசிந்தாவுக்குப் புரிந்தது. கணவரைத் திட்டினார்.

வார்டை விட்டு வெளியே வரும்போது அருணகிரி கேட்டார்.

"மேடம், சர்க்கரையைக் குறைச்சோம். புகையிலையை நிறுத்தினோம். பல்லைப் பிடுங்கினோம். ஒண்ணையும் விடல. அப்படியும் சீழ் வந்துச்சே?"

"சில பேருக்கு வரும்."

"அப்போ என்னை எதுக்கு ஒரு வாரம் அவர் பக்கத்துல உட்கார வெச்சீங்க?"

"வந்தா அவர் உங்ககிட்ட சொல்லணும்ல."