தளவாய் மீசையும் தடுத்துவைத்த புல்லும்

வெகுகாலத்துக்கு முன்னே முல்லைக்கோடு என்கிற சீமையை இடும்பவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நினைத்தால் நினைத்தபடி உத்தரவு போடுகிற ஆள். அவரை மேய்ப்பதுதான் மந்திரி நல்லாதனின் உத்தியோகம்.

அந்தச் சீமை ஆட்டுக்காரர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. மழை பெய்ததும் ஒரு குன்றில் மட்டும் ஆட்டை விடுவார்கள். அடுத்த குன்றுக்குப் போகிற வழியில் குறுக்கே வைக்கோலைக் கயிறாகத் திரித்துப் புரி கட்டிவிடுவார்கள். புல் பூத்து விதை உதிரும்வரை ஒரு குட்டிகூட உள்ளே போகாது. இதற்கு ராஜமுத்திரை வாங்கிக் கொடுத்தவர் நல்லாதன். அதில்தான் தளவாய் கோளரியாருக்கு வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, அரண்மனைக் குதிரைகளுக்குக் கொள்ளு தின்று அலுத்துப்போச்சு. புரி கட்டின குன்றிலே புல் சும்மா கிடக்குது. புரியை அறுக்கச் சொல்லுங்க" என்றார் சபையில்.

"அறுத்துடு" என்றார் ராஜா, வெற்றிலையை மடித்தபடி.

நல்லாதன் மனசுக்குள் கணக்குப் போட்டார். இப்போதே மேய்ந்துவிட்டால் கோடையில் ஆடுகள் பட்டினியில் சாகும். ஆட்டுக்காரர்கள் பிழைக்க வழியில்லாமல் ஊரைவிட்டே போகவேண்டியதுதான். கவலையை முகத்தில் காட்டாமல், "தினமும் மேய்ந்தால் புல் அழிந்துபோகுமே, தளவாயாரே?" என்றார்.

"அட விவரங்கெட்ட மந்திரியே! வெட்ட வெட்டத்தான் வளரும். என் மீசையைப் பாரும். இளவட்டத்தில் ஓயாமல் வழித்ததால்தான் இப்படி வளர்ந்து நிற்குது!"

"அப்படியா சங்கதி! மகாராஜா, நாளை முதல் தினமும் தளவாயார் வீட்டுக்கு நாவிதரை அனுப்புவோம். மீசை இன்னும் செழிக்கட்டும். செழித்ததும் புரியை அறுத்துவிடலாம்."

"பேஷ்!" என்றார் ராஜா. கோளரியார் வாயைத் திறப்பதற்குள் சபை கலைந்துவிட்டது.

நாவிதர் ஒருநாளும் தவறவில்லை. மழமழ முகத்தோடு வந்த தளவாயை வாசல் காவலனே, "யாருய்யா நீ, என்ன வேணும்?" என்று மறித்தான். மனுஷன் அவமானத்தில் குன்றிப்போனார். கடைசியில் ராஜாவின் காலில் விழுந்தார்.

"மகாராஜா, கொஞ்சநாள் தொடாம விடச் சொல்லுங்க. விட்டாத்தானே வளரும்!"

"காதில் சரியாக விழவில்லை" என்றார் நல்லாதன்.

"விட்டாத்தான் வளரும்யா!"

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நல்லாதனுக்குத் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். குன்று வழியில் காவல் இருக்கும் வேலையைத் தளவாய்க்கே கொடுத்தார்.

சில நாள் கழித்து ராஜாவுக்குத் திடீர் ஆசை வந்து, குதிரையை மேயவிடத் தானே குன்றுக்குப் போனார். புரிக்கு முன்னால் அரும்பு மீசையோடு கோளரியார் கையை விரித்து நின்றார்.

"இன்னும் விதை உதிரலை, மகாராஜா. குதிரையைத் திருப்புங்க."

ராஜா அந்த மீசையை ஒருதரம் பார்த்துவிட்டுக் குதிரையைத் திருப்பினார்.