உட்கார மறுத்த கார்

பொள்ளாச்சிக்குத் தெற்கே ஓர் ஊர். மழை பெய்கிறதா இல்லையா என்று நாலு பேர் கூடிப் பேசி முடிவெடுப்பதற்குள் நாலு பேரும் தொப்பலாக நனைந்துவிடுவார்கள்.

அந்த ஊர்ப் பொங்கியண்ணன் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் கார் கண்காட்சி. தாழ்ந்த வண்டிகளுக்கு மட்டும்தான் இடம். சக்கரத்துக்கும் மேல் தகட்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையலாம், மூன்றாவது நுழையக் கூடாது. அவர் காரில் நாலு விரல் தாராளமாகப் போனது. போதாததற்கு, அவர் மகனுக்குப் பெண் கொடுக்க யோசித்துக்கொண்டிருந்த ராக்கியப்பன், "கண்காட்சியில உங்க வண்டியைப் பார்த்துட்டு முடிவு சொல்றனுங்க" என்றிருந்தார். பொங்கியண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. சோறே இறங்காதபோது கார் எப்படி இறங்கும் என்று அதற்கும் சேர்த்துக் கவலைப்பட்டார்.

மச்சினன் நஞ்சப்பனோடு ஸ்பிரிங் கடைக்குப் போனார்.

"மெத்துனு வேணுங்களா, விறைப்பா வேணுங்களா?" என்றார் கடைக்காரர். "வண்டியோட குணத்தைப் பொறுத்துத்தான் எடுக்கணும்."

"தங்கமான குணமுங்க. இதுவரைக்கும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்லை" என்றார் பொங்கியண்ணன்.

"குட்டை ஸ்பிரிங் போட்டா ஷாக் அப்சார்பரும் மாத்திருங்க. பழைய ஷாக் தாங்காது."

"நாங்க எந்த ஷாக்கையும் தாங்குவோம்!" என்று நஞ்சப்பன் நெஞ்சை நிமிர்த்தினான்.

ஸ்பிரிங் மட்டும் வாங்கினார்கள். கடைக்காரர் கடைசியாகச் சொன்னார்: "மாட்டின உடனே வண்டி உட்காராது. ரெண்டு நாள் ஓடணும். அப்புறம் தானா உட்கார்ந்துக்கும்."

வீட்டுக்கு வந்ததும் நாலு ஸ்பிரிங்கையும் கயிற்றில் கோத்து, காரின் முகப்பில் மாலையாக மாட்டினார்கள். பிறகு ஓடினார்கள். வெள்ளி, சனி இரண்டு நாளும் காரைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் பொத்தென்று உட்கார்ந்தார்கள். கார் உட்காரவில்லை.

நஞ்சப்பன் வெகுநேரம் யோசித்தான்.

"மாமா, தப்பு நம்ம மேலதான். நீங்க வீட்டுக்குப் பெரியவரு. உங்க கண்ணு முன்னால அது எப்படி உட்காரும்?"

பொங்கியண்ணனுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளாக அதை நிற்க வைத்துவிட்டோமே! அதன் கண்ணில் படாமல் இருக்கக் காருக்குள்ளேயே புகுந்துகொண்டார். நஞ்சப்பனும் அவன் தம்பிகள் மூவரும் பின்னால் ஏறினார்கள். கார் முனகிக்கொண்டே அமுங்கியது. நஞ்சப்பன் ஜன்னல் வழியே இடுப்புவரை தொங்கி அளந்தான்.

"ரெண்டே விரல், மாமா! உட்கார்ந்துருச்சு!"

மறுநாள் அதே ஐவரும் அதே காரில் கண்காட்சிக்குப் போனார்கள். வாசலில் அளக்க வந்தவருக்கு மரியாதை காட்ட எல்லோரும் இறங்கினார்கள். கார் விசுக்கென்று எழும்பியது.

"நாலு விரல் போகுதே. வண்டியைத் திருப்புங்க."

"உங்களைப் பார்த்துத்தான் எந்திரிச்சு நிக்குதுங்க. நீங்க அக்கட்ட போனீங்கன்னா உட்கார்ந்துரும்" என்றான் நஞ்சப்பன்.

அவர் போகவில்லை. காரைத்தான் போகச் சொன்னார். சம்பந்தம் போச்சு என்று பொங்கியண்ணன் தலையில் கை வைத்தார்.

ஆனால் மகளோடு பக்கத்தில் வந்து நின்ற ராக்கியப்பனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"ஆளைப் பார்த்ததும் எந்திரிக்குதே! நான் வீட்டுக்கு வந்தப்ப உங்க பையன் சோபாவை விட்டு அசையலீங்க. என் பொண்ணை இந்த வண்டிக்கே குடுக்கறனுங்க."

நஞ்சப்பன் ஆர்.சி. புத்தகத்தில் காரின் பிறந்த தேதியைப் பார்த்து, பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்றான். பெண்ணைக் கேட்டார்கள். அவள் வெட்கத்தோடு தலை குனிந்து, "லிட்டருக்கு எவ்வளவு குடுக்குமுங்க?" என்றாள்.