எதையும் தொடாத கமிட்டி

விவேகா அபார்ட்மெண்ட்ஸில் கமிட்டி கூடாமல் ஒரு பல்பைக்கூட மாற்ற மாட்டார்கள். ஆகவே முதல் மாடி மங்கையர்க்கரசி வீட்டுக் குளியலறைக் குழாய் விரிசல் விட்டு, படுக்கையறைக்குள் தண்ணீர் பாய்ந்தபோது, கமிட்டி அங்கேயே கூடியது. தலைவர் வைகுண்டம், செயலாளர் ஞானசிகாமணி, பொருளாளர் செல்லப்பா. தண்ணீர் மாடிப்படிக்குப் போய்விடக் கூடாதென்று வாசல் கதவைத் தாழிட்டுக்கொண்டார்கள்.

அந்த அம்மாளின் கவலையெல்லாம் பீரோவைப் பற்றி. மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவைகள் அதன் அடித்தட்டில் இருந்தன.

செல்லப்பா ஒரு துண்டைச் சுற்றி விரிசலை இறுக்கிப் பிடித்தார். தண்ணீர் நின்றுவிட்டது. அந்த நிம்மதியில் தலைவர் பிளம்பர் ஜெபராஜுக்குப் போன் போட்டார். ஜெபராஜ் அவசரத்தில் இருந்தார்.

"நான் வந்து பாக்குற வரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க."

தலைவர் போனை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"செல்லப்பா, கையை எடுங்க."

"எடுத்தா தண்ணி வருமே சார்."

"வரட்டும். தொழில் தெரிஞ்சவர் சொல்லியிருக்கார்."

செல்லப்பா கையை எடுத்தார். தண்ணீர் வந்தது.

விரிசலுக்குச் சற்று மேலேயே வால்வு இருந்தது. அதை மூடினால் என்ன என்று செயலாளர் கேட்டார். தொடாமல் மூட முடியுமானால் கமிட்டிக்கு ஆட்சேபணை இல்லை என்றார் தலைவர். செயலாளர் கொஞ்ச நேரம் வால்வையே முறைத்துப் பார்த்தார். அது மூடிக்கொள்ளவில்லை.

மங்கையர்க்கரசி பீரோவை நோக்கி நடந்தார். பொருளாளர் குறுக்கே வந்து நின்றார்.

"புடவையை மட்டும் எடுத்துக்கிறேன் சார்."

"ஏம்மா, நாளைக்கு மறுபடி ஒழுகினா அந்த ஆளு என்ன சொல்வான்? பீரோவைத் தொட்டீங்க, அதான் இப்படின்னு கை கழுவிடுவான்."

அதிலுள்ள நியாயம் மங்கையர்க்கரசிக்கும் புரிந்தது. பிளம்பரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்றார். எல்லோரும் மேஜைமேல் இருந்த போனைப் பார்த்தார்கள். அதுவும் ஒரு பொருள்தான்.

சொல்லிவைத்தாற்போல் அது அடித்தது. திரையில் ஜெபராஜின் பெயர். நாலு பேரும் மரியாதையாக நின்று, அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்குள் தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. நாம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறோமே, இது சரியா என்று செயலாளருக்கு மனசு உறுத்தியது. காரசாரமான விவாதம். கடைசியில், நாம் தண்ணீரைத் தொடவில்லை, தண்ணீர்தான் நம்மைத் தொடுகிறது என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று.

அழைப்புமணி அடித்தது. கதவுக்கு அந்தப்பக்கம் ஜெபராஜின் குரல்.

"கதவைத் திறங்க சார். தண்ணி வெளியில ஓடுது."

மங்கையர்க்கரசி தாழ்ப்பாள்வரை ஓடி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலைவரைப் பார்த்தார். தலைவர் கதவருகே வந்து தொண்டையைச் செருமினார்.

"திறக்கிறதுல எங்களுக்கு ஒண்ணுமில்ல ஜெபராஜ். நீங்க வந்து பாக்குற வரைக்கும்தான் தொடக்கூடாது. முதல்ல உள்ள வாங்க. வந்ததும் திறக்கிறோம்."

"ஆமா தம்பி, சீக்கிரம் உள்ள வாங்க" என்றார் மங்கையர்க்கரசி. "புடவையெல்லாம் நனையுது."