யார் மடியில் காது குத்து?

கைக்குக் கை மாறி ஊரெல்லாம் சுற்றிய அரை நிமிட வீடியோ அது. ஒரு கோயில் வாசல், பந்தல், வரிசையாகச் சீர்த்தட்டுகள். காது குத்தும் நேரத்தில் பிள்ளையைப் பெற்றவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்து போகிறாள். "திமிரைப் பாரு" என்று பாதிப் பேர் எழுதினார்கள். "சாமி குத்தம்" என்று மீதிப் பேர். கிடாக்கறி என்ன ஆயிற்று என்று மட்டும் கவலைப்பட்டவர்களும் உண்டு. அதற்கு முன்னால் நடந்தது வீடியோவில் இல்லை. அதைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

அவள் பெயர் சுகந்தி. அருப்புக்கோட்டைப் பக்கம் வாக்கப்பட்டவள். பள்ளிக்கூடக் காலத்திலேயே அப்பாவையும் அம்மாவையும் பறிகொடுத்தவள். கூடப் பிறந்தது ஒரே ஓர் அண்ணன். சுகந்தியைப் படிக்க வைத்ததும் கல்யாணம் செய்து கொடுத்ததும் அந்த அண்ணன்தான். புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது, "உன் பிள்ளைக்கு என் மடியிலதான் காது குத்து. எங்க இருந்தாலும் வந்துருவேன்" என்று வாக்குக் கொடுத்ததும் அதே அண்ணன்தான்.

அந்த அண்ணன் இப்போது அக்கா. பெயர் நிலானி. பழைய பெயர் இந்தக் கதைக்குத் தேவையில்லை. மதுரையில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். சேலை, நீளமான பின்னல், சின்னதாக ஒரு மூக்குத்தி. "அக்கா" என்று கூப்பிட சுகந்திக்கு முதலில் நாக்கு எழவில்லை. பழகிய பிறகோ வேறு எப்படியும் கூப்பிட வாய் வரவில்லை.

சுகந்தியின் பெண்குழந்தை மகிழினிக்குக் குலதெய்வக் கோயிலில் காது குத்து என்று முடிவானதும், மாமனார் சங்கரபாண்டியன் பேச்சை எடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. மருமகளை ஒருநாளும் அதட்டிப் பேசியது கிடையாது.

"தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தாம்மா நம்ம சாமி முன்னாடி குத்துறது. சேலையோட வந்து உக்காந்தா சொந்தபந்தம் சிரிக்கும். ஒரு மணி நேரம் வேட்டி சட்டை போட்டுக்கிரட்டும், அப்புறம் அவங்க இஷ்டம். இல்லையா, உங்க பெரியப்பா மகன் வேல்ராஜ் இருக்காப்ல. அவரும் தாய்மாமன் முறைதான?"

நிலானியை ஒதுக்கிவிட்டு இன்னொருவர் மடியில் பிள்ளையை வைக்க சுகந்திக்கு மனம் வரவில்லை. போனை எடுத்தாள். "அக்கா, ஒரே ஒரு மணி நேரம். எனக்காக" என்று அவளேதான் கேட்டாள். 

"சரி புள்ள. வாக்குக் குடுத்தாச்சுல்ல" என்றாள் நிலானி.

விசேஷத்தன்று கோயில் வாசல் நிரம்பி வழிந்தது. சுகந்தியின் கணவன் குவைத்தில் இருந்தான். அவனுக்கு அனுப்பக் கொழுந்தன் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு அதைக் குடும்பக் குழுவில் போட்டதும் அவன்தான். அங்கிருந்துதான் அது ஊர் சுற்றக் கிளம்பியது.

ஆசாரி கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கோயிலின் பின்னறையிலிருந்து நிலானி வந்தாள். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை. பின்னலைச் சுருட்டித் தலைப்பாகைக்குள் மறைத்திருந்தாள். மூக்குத்தியைக் கழற்றியிருந்தாள், அது இருந்த இடத்தில் துளை மட்டும் தெரிந்தது. யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சீர்த்தட்டைச் சுமந்து வந்தாள்.

"இப்பத்தான்யா லட்சணமா இருக்கு" என்றது கூட்டத்தில் ஒரு குரல். பாராட்டுவதாகத்தான் அந்த மனிதர் நினைத்திருப்பார். சுகந்தியின் கண் அந்த மூக்குத்தித் துளையிலேயே நின்றது.

அதற்குள் வேல்ராஜ் போய்ப் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். முந்தின நாள்வரை "கூடப் பொறந்தது உக்காரட்டும்" என்று சொன்ன மனிதர்.

"எனக்கும் முறை இருக்கு. எந்திரிக்க மாட்டேன்."

"எந்திரிங்கண்ணே" என்றாள் நிலானி. "சொன்ன சொல்லைக் காப்பாத்தணும்னுதான் இப்படி வந்து நிக்கிறேன்."

வேல்ராஜ் தலை நிமிரவில்லை. "உன்னைய இந்தக் கோலத்துல பாக்க முடியலைம்மா. நான் உக்காந்துட்டா, நீ போயி சேலையக் கட்டிக்கலாம்ல."

சுகந்தி மாமனாரின் கையிலிருந்து பிள்ளையை வாங்கினாள். "மன்னிச்சுக்கோங்க மாமா. இன்னைக்குக் காது குத்து இல்ல."

"சாமி முன்னாடி வந்து நின்னுட்டு இப்பிடிப் பண்ணலாமாம்மா?" என்றார் சங்கரபாண்டியன். இத்தனை பேரையும் வீடு வீடாகப் போய் அழைத்தவர் அவர்.

நிலானிக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப நான் இவ்வளவு தூரம் இறங்கி வந்ததுக்கு என்னடி அர்த்தம்?"

சுகந்தி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

தன்னை மறைத்துக்கொண்டாவது வாக்கைக் காப்பாற்ற வந்தாள் நிலானி. அவளுக்கு அந்த நிலை வேண்டாமென்று, ஊர் வாயில் விழுந்தாலும் பரவாயில்லை என்று இடத்தைப் பிடித்துக்கொண்டார் வேல்ராஜ். பெரியவரையும் கூடிய சனத்தையும் அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளையோடு போனாள் சுகந்தி. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: மூவருமே பாசத்தால்தான் செய்தார்கள், ஆனாலும் சரியாகச் செய்தவள் சுகந்திதான். நிலானி உட்கார்ந்திருந்தால் வாக்கு நிறைவேறியிருக்கும். ஆனால் பிள்ளையின் காதுகுத்துப் படத்தில், உலகத்தில் இல்லாத ஒரு மாமன் இருந்திருப்பான். வேல்ராஜ் உட்கார்ந்திருந்தால் நிலானிக்குச் சேலை திரும்பக் கிடைத்திருக்கும், பிள்ளை கிடைத்திருக்காது. வேட்டி கட்டும் யோசனை மாமனாருடையது என்றாலும், அதை நிலானியிடம் கேட்டது சுகந்தியின் வாய். தங்கை கேட்டாள் என்பதற்காகத்தான் நிலானி சம்மதித்தாள். கேட்டவளால்தான் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முடியும். கூட்டத்துக்கு நடுவே, திட்டு வாங்கிக்கொண்டு, சுகந்தி அதைச் செய்தாள்.

அடுத்த மாதம் மதுரையில் நிலானியின் வீட்டிலேயே காது குத்து நடந்தது. வரமாட்டார் என்று எல்லோரும் நினைத்த மாமனார் வந்தார். பேத்தியின் காலைப் பிடித்துக்கொண்டார். கம்பி இறங்கியதும் மகிழினி வீலென்று அலறினாள். அவளை மடியில் வைத்திருந்த பட்டுச்சேலைக்காரி அதைவிடப் பெரிதாக அலறினாள். ஆசாரி கையை நிறுத்திவிட்டு, "இதுல நான் யாருக்குக் குத்துனேன்?" என்று கேட்டார்.