மூளைக்கு எண்ணெய்க் குளியல்

கொட்டாங்குளத்துக்காரர்களுக்கு மூளை கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூளைமேல் அவர்களுக்கு இருந்த அக்கறை உங்களுக்கும் எனக்கும் வராது.

அன்று வெள்ளிக்கிழமை. மலைக்கோயில் மண்டபத்தில் வேலவராசுக்குக் கல்யாணம். பத்தரைக்குள் தாலி ஏறாவிட்டால் பெண் கிடையாது என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன் உடையப்பன் ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். ஓட்டியது சிநேகிதன் சிங்காரம்.

கார்க்காரர் விளக்கினார்: “கியரை நீங்க தொடவே வேணாம். வண்டி போற வேகத்தையும் நீங்க மிதிக்கிற மிதியையும் பார்த்து உள்ள இருக்கிற மூளையே மாத்திக்கும். மூளையை மட்டும் சூடாக விட்டுராதீங்க.”

மலை ஏறுகையில் வண்டி இரண்டாம் கியரிலேயே உறுமியது. ஏற்றத்துக்கு அதுதான் சரி என்று மூளை முடிவெடுத்திருந்தது, பாவம். மண்டபத்துக்குக் கூப்பிடு தூரத்தில் சிங்காரம் ஓரங்கட்டினான்.

“மாமா, மூணுக்கு மாற மாட்டேங்குது. மூளை சூடாயிருச்சு.”

“சூட்டுக்கு எண்ணெய்க் குளியல்தான்டா,” என்றார் உடையப்பன்.

“வெள்ளிக்கிழமை ஆம்பளைங்க எண்ணெய் தேய்க்கக் கூடாதே,” என்றான் மாப்பிள்ளை.

மூவரும் யோசித்தார்கள். பின்கண்ணாடியில் ‘தங்கமீனா’ என்று எழுதியிருந்ததைச் சிங்காரம்தான் கண்டுபிடித்தான்.

“பொம்பளைப் பிள்ளை. அப்ப இன்னைக்கு ரொம்ப விசேஷம்,” என்றார் மாமா நிம்மதியாக.

பானெட்டைத் திறந்து, மூளையாகத் தோன்றிய கறுப்புப் பெட்டியின் தலையில் சீர்த்தட்டு நல்லெண்ணெயைக் கவிழ்த்தார்கள். நன்றாக ஊறவிட்டு, சீயக்காய் போட்டு அலசி, மாப்பிள்ளையின் பட்டு அங்கவஸ்திரத்தால் துவட்டினார்கள். சாவியைத் திருப்பினால் ஒரு முனகல் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

பெண்ணின் அப்பா வேர்த்து விறுவிறுத்து இறங்கி ஓடிவந்தபோது மூவரும் காரைச் சுற்றி நின்று விடாமல் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

“நேரமாச்சு மாப்பிள்ளை. நாலு எட்டு நடந்து வந்து தாலியைக் கட்டக் கூடாதா?”

வேலவராசுக்குக் கண் கலங்கிவிட்டது. “எனக்கு மட்டும் ஆசையில்லையா மாமா? எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச பிள்ளை பகல்ல தூங்கக் கூடாது. நான் வந்துட்டா இது கண் அசந்துரும்.”

மாமனார் குனிந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“ஏம்ப்பா, வெறுங்கையால தட்டினா எப்படி முழிச்சிருக்கும்?” என்றவர் மண்டபத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: “தவில்காரங்களை உடனே இங்க அனுப்புங்க.”

சரியாகப் பத்தரைக்குக் கெட்டிமேளம் கொட்டியது, காருக்கு.